பட்டியல் காதுக்கும் எட்ட வேண்டும்

குடிமக்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவு பெருமளவு பட்டியல்களின் வழியாகவே நடைபெறுகிறது. வாக்காளர் பட்டியல், பயனாளிகள் பட்டியல், தேர்வில் வெற்றி பெற்றோர் பட்டியல், விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல், கட்டணப் பட்டியல் எனப் பிறப்பு முதல் இறப்பு வரை ஏதேனும் ஒரு பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கிறோம். ஒரு காலத்தில் அலுவலக வாசலிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட இந்தத் தாள்கள் இன்று இணையதளங்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டன.

பலகையில் ஒட்டிய தாளைப் படிக்கப் பார்வை மாற்றுத்திறனாளிகள் எப்போதும் இன்னொருவரின் துணையை நாட வேண்டியிருந்தது. இணையம் வந்தபோது அந்தச் சார்பு நீங்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. எழுத்து மின்வடிவம் பெற்றுவிட்டால் அதைக் கணினியே படித்துக் காட்டிவிடும் அல்லவா? தொழில்நுட்ப அளவில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால், இணையப் பக்கங்களை உருவாக்கும் முறையில் அது நாள்தோறும் பொய்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மிக எளிய, ஆனால் அதிகம் பேசப்படாத சான்று, இணையப் பக்கங்களில் பட்டியல்கள் இடப்படும் விதம்.

கண்ணுக்குத் தெரியும் பட்டியல்:

கல்வி உதவித்தொகைக்கான அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் இணைக்க வேண்டிய ஆவணங்கள் ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது ஆவணம் முகவரிச் சான்று. அதன் கீழே குடும்ப அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று போதும் எனச் சற்று உள்தள்ளிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பார்வையுள்ளவர் இதைப் படிக்க ஐந்து நொடிகூட ஆகாது. வரிசை எண்கள், புள்ளிகள், இடப்பக்க இடைவெளி ஆகியவை எத்தனை ஆவணங்கள், எது எதன் கீழ் வருகிறது, எங்கே முடிகிறது என்பதையெல்லாம் சொல்லிவிடுகின்றன.

இதே பக்கத்தைப் பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் காதால்தான் படிக்கிறார். அவருடைய கணினியிலோ அறிதிறன்பேசியிலோ உள்ள 'திரை வாசிப்பான்' என்னும் மென்பொருள், திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித் தருகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்களான மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே ஆகியோரின் முயற்சியில் 2006-இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' கட்டணமின்றிக் கிடைக்கும் திரை வாசிப்பான். விண்டோஸ் கணினிகளில் இயங்கும் 'ஜாஸ்', ஆப்பிள் கருவிகளில் உள்ள 'வாய்ஸ்ஓவர்', ஆண்ட்ராய்டு பேசிகளில் உள்ள 'டாக்பேக்' ஆகியவையும் இத்தகையவையே.

திரை வாசிப்பான் திரையின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்துக்கு அடியில் எழுதப்பட்டுள்ள எச்.டி.எம்.எல். குறிகளைப் படிக்கிறது. ஒரு பகுதி பட்டியல் என்று முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால், '9 உருப்படிகள் கொண்ட பட்டியல்' என்ற பொருளில் முதலிலேயே அறிவித்துவிடும். ஒவ்வோர் உருப்படியாகப் படிக்கும். உள்பட்டியல் தொடங்கும்போது, '3 உருப்படிகள் கொண்ட பட்டியல்' என மீண்டும் அறிவிக்கும். முடிந்ததும் பட்டியலை விட்டு வெளியேறியதையும் சொல்லும்.

அதுமட்டுமல்ல, என்.வி.டி.ஏ., ஜாஸ் இரண்டிலும் விசைப்பலகையில் 'எல்' என்ற எழுத்தை அழுத்தினால் பக்கத்தின் அடுத்த பட்டியலுக்கு நேரடியாகத் தாவலாம். 'ஐ' என்ற எழுத்தை அழுத்தினால் பட்டியலின் அடுத்த உருப்படிக்குச் செல்லலாம். தேவையற்ற பட்டியலை முழுவதும் கேட்காமல் கடந்துவிடவும் வழியுண்டு. பார்வையுள்ளவர் கண்ணை ஓட்டித் தேவையானதைப் பிடிப்பதற்கு நிகரான வசதி இது.

குறிகள் இல்லாவிட்டால் இவை எதுவும் நடக்காது. மேற்சொன்ன அறிவிப்பை உருவாக்கியவர் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சிறுகோட்டைத் தட்டச்சு செய்து, வரியை உடைத்து, சில இடைவெளிகளையும் இட்டுப் பட்டியல் போலத் தோன்றச் செய்திருந்தால், கண்ணுக்கு அது பட்டியல்தான். காதுக்கோ தொடர்ச்சியான சொற்களின் ஓட்டம் மட்டுமே. எத்தனை ஆவணங்கள் என்பது தெரியாது. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றும் முகவரிச் சான்றின் மாற்றுகளா, தனித்தனியே தேவைப்படும் ஆவணங்களா என்பதும் தெரியாது. மூன்றும் கட்டாயம் என்று கருதும் மாணவர், தம்மிடம் இல்லாத ஓர் ஆவணத்துக்காக விண்ணப்பிக்காமலே இருந்துவிடலாம். ஏழாவது ஆவணம் ஆறாவதன் தொடர்ச்சி என்று கருதுபவர் அதை இணைக்காமல் விட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இழப்பு அவருக்கு; பிழை அவருடையது அல்ல.

பிழைகளின் வகைகள்:

இது ஏதோ அரிய தொழில்நுட்பக் கோளாறு அல்ல. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட தொடக்கக் குறிகளின் விளக்கத்திலேயே பட்டியலுக்கான குறிகள் இடம்பெற்றிருந்தன. வரிசை முக்கியமில்லாத பட்டியலுக்கு 'யு.எல்.', வரிசை முக்கியமான பட்டியலுக்கு 'ஓ.எல்.', ஒவ்வோர் உருப்படிக்கும் 'எல்.ஐ.', ஒரு சொல்லும் அதன் விளக்கமுமாக இணை இணையாக அமையும் பட்டியலுக்கு 'டி.எல்.' என இன்று நான்கு குறிகளைத் தெரிந்துகொண்டால் போதும். கணினிப் படிப்பின் முதல் வாரத்தில் கற்றுத்தரப்படும் பாடம் இது. ஆனாலும் பிழைகள் பல வடிவங்களில் தொடர்கின்றன.

முதலாவது, மேலே கண்ட போலிப் பட்டியல். இரண்டாவது, சிதறிய பட்டியல். பத்து உருப்படிகளை ஒரே பட்டியலில் இடுவதற்குப் பதிலாக, இடையிடையே வெற்று வரிகளை விட்டு, ஒவ்வொன்றையும் தனிப் பட்டியலாக்கிவிடுவது. அப்போது திரை வாசிப்பான் '1 உருப்படி கொண்ட பட்டியல்' எனப் பத்து முறை அறிவிக்கும். எண்ணிட்ட பட்டியலாக இருந்தால் ஒவ்வொரு படிநிலையும் 'ஒன்று' என்றே ஒலிக்கும். பணம் செலுத்துவதற்கான வழிமுறைகளை இவ்வாறு கேட்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஒரே சொல்லில் அமைந்த இணைப்புகளின் பட்டியல். இருபது அறிவிப்புகள், ஒவ்வொன்றின் எதிரிலும் 'இங்கே சொடுக்கவும்' அல்லது 'பதிவிறக்கம்' என்ற இணைப்பு. திரை வாசிப்பானைப் பயன்படுத்துவோர் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தனியாகத் தொகுத்துக் கேட்பது வழக்கம். அவருக்கு 'இங்கே சொடுக்கவும்' என்பது இருபது முறை கேட்கும். எது எந்த அறிவிப்புக்கு உரியது என்பதை அறிய வழியில்லை.

நான்காவது, தெரிவுப் பட்டியல். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியலை உலவி தரும் இயல்பான வடிவில் அமைத்தால் விசைப்பலகையாலேயே இயக்கலாம். அழகுக்காகச் சொந்தமாக வடிவமைக்கும்போது, சுட்டியால் சொடுக்கினால் மட்டுமே திறக்கும் பெட்டியாக அது மாறிவிடுகிறது. சுட்டியைப் பயன்படுத்த இயலாதவருக்கு அந்தப் படிவம் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

ஐந்தாவது வகை நுட்பமானது. குறிகளைச் சரியாக இட்ட பின்பும், புள்ளிகள் தோற்றத்துக்கு இடையூறு என்று வடிவமைப்பாளர் நீக்கிவிட்டால், ஆப்பிளின் சஃபாரி உலவியில் வாய்ஸ்ஓவர் அதைப் பெரும்பாலும் பட்டியலாக அறிவிப்பதில்லை. இது தற்செயலான பிழையல்ல. பக்கத்திலுள்ள எல்லாவற்றையும் பட்டியலாக்கும் வடிவமைப்பாளர்களின் பழக்கத்தால், தேவையற்ற அறிவிப்புகள் கேட்பவரைச் சலிப்படையச் செய்கின்றன என்பதால் திட்டமிட்டு எடுக்கப்பட்ட முடிவு. அந்த இடத்தில் அது பட்டியல்தான் என்று தனியே ஒரு குறிப்பைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும். பட்டியலே இல்லாததும், எல்லாமே பட்டியலாவதும் கேட்பவருக்குத் தடையே என்பதை இது உணர்த்துகிறது. எது உண்மையில் பட்டியல் என்று எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்; மென்பொருளிடம் அதை ஒப்படைக்க முடியாது.

தமிழுக்கே உரிய தடைகள்:

தமிழ்ப் பக்கங்களில் இவற்றோடு வேறு சில தடைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு பக்கத்தின் மொழி தமிழ் என்பதை அதன் குறிகளில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், சில கருவிகளில் ஆங்கிலக் குரலே தமிழ் எழுத்துகளைப் படிக்க முயன்று, அவற்றை விழுங்கிவிடும் அல்லது சிதைத்து ஒலிக்கும்.

இரண்டாவது தடை எழுத்துரு. 2010-இலேயே தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. எனினும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கப்பட்ட ஆவணங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. திரையில் அவை தெளிவான தமிழாகத் தெரியும். ஆனால், அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரை வாசிப்பான் அவற்றைப் பொருளற்ற ஆங்கில ஒலிகளாகவே படிக்கும்.

மூன்றாவதும் மிகப் பரவலானதுமான தடை, படம். கையொப்பமிட்ட அறிவிப்பை ஒளிவருடி மூலம் படமாக்கி இணையத்தில் ஏற்றுவது அலுவலகங்களின் வழக்கமாகிவிட்டது. சமூக ஊடகங்களுக்காக உருவாக்கிய வண்ணச் சுவரொட்டியையே இணையதளத்திலும் அறிவிப்பாக இட்டுவிடுவதும் உண்டு. முகாம் நடைபெறும் இடங்கள், நேரம், கொண்டு வர வேண்டியவை எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். திரை வாசிப்பானுக்கு அது வெறும் 'படம்'. மாற்றுத்திறனாளிகளுக்கான நலத்திட்ட முகாமின் அறிவிப்பே இவ்வாறு அமைந்தால், அதைவிடப் பெரிய முரண் வேறில்லை.

வாக்காளர் பட்டியல் சொல்லும் பாடம்:

பட்டியலின் வடிவம் வெறும் வசதி சார்ந்ததன்று, உரிமை சார்ந்தது என்பதற்கு வாக்காளர் பட்டியலே சான்று. வாக்காளர் பட்டியலைத் தேடத்தக்க எழுத்து வடிவில் வழங்க வேண்டும் எனக் கோரி காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாக்காளர்களின் தனியுரிமையையும், தகவல்கள் மொத்தமாகத் திரட்டப்படும் அபாயத்தையும் தேர்தல் ஆணையம் காரணமாக முன்வைத்தது. பட்டியல்கள் பட வடிவிலான பி.டி.எஃப். கோப்புகளாக வெளியிடப்படுகின்றன.

பின்னர், பிகார் சிறப்புத் தீவிர திருத்தத்தின்போது வரைவுப் பட்டியலில் இடம்பெறாத சுமார் 65 லட்சம் பேரின் விவரங்களை, காரணங்களுடன், வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடத்தக்க வகையில் இணையத்தில் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஒரு பட்டியலை வெளியிடுவது வேறு, அதில் ஒருவர் தம் பெயரைக் கண்டறிய முடிவது வேறு என்ற வேறுபாடு அந்த உத்தரவில் வெளிப்படையாக ஏற்கப்பட்டது.

இந்த விவாதம் முழுவதும் அரசியல் கட்சிகளும் பார்வையுள்ள வாக்காளர்களும் பட்டியலை ஆராய்வது பற்றியே நடந்தது. படக்கோப்பாக வரும் பட்டியல் பார்வை மாற்றுத்திறனாளிக்கு முற்றிலும் மௌனமான தாள் என்பது அதில் பெரிதாக இடம்பெறவில்லை. தனியுரிமை பற்றிய ஆணையத்தின் கவலையைப் புறந்தள்ள வேண்டியதில்லை. அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தனிநபர் தம் விவரத்தைத் தேடும் வசதி, இரு நோக்கங்களையும் நிறைவேற்றக்கூடியது. ஆனால், அந்தத் தேடல் பெட்டிக்குப் பெயர்க்குறிப்பு இருக்க வேண்டும். கோணல்மாணலான எழுத்துகளைக் கண்டு தட்டச்சு செய்யச் சொல்லும் சரிபார்ப்புக்கு ஒலிவடிவ மாற்று வேண்டும். கிடைக்கும் முடிவு எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெயில் குறிகளைப் பொறித்திருக்கிறோம். அந்த இயந்திரத்தை அடைவதற்கு முன்பாகப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அறியும் வழியும் அதே அளவு தடையற்றதாக இருக்க வேண்டாமா?

சட்டம் பேசுகிறது, பக்கங்கள் பேசவில்லை:

சட்டங்களுக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்புறுதி செய்தது. அதன் 9-ஆவது பிரிவு, தகவல் தொழில்நுட்பத்தை அணுகுவதையும் உரிமையாக வரையறுக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதை உள்நாட்டுச் சட்டமாக்கியது. அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அரசும் தனியாரும் தங்கள் சேவைகளை அவற்றுக்கேற்ப மாற்ற வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 46-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாகின. அந்தக் கணக்கின்படி காலக்கெடு 2019 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-இல் முதலில் வெளியாகி, அதன் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. தகவல் தொழில்நுட்ப அணுகலுக்கான 'ஐ.எஸ். 17802' என்ற இந்தியத் தரநிலை 2023-இல் விதிகளில் சேர்க்கப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, உலகளாவிய வலைச் சேர்த்தியம் வகுத்த 'டபிள்யு.சி.ஏ.ஜி.' நெறிமுறைகள். தோற்றத்தின் மூலம் உணர்த்தப்படும் தகவலும் தொடர்பும் குறிகளிலும் இடம்பெற வேண்டும் என்பது அதன் 1.3.1-ஆவது விதி. பட்டியல்கள் இதன் கீழ்தான் வருகின்றன. மூன்று நிலைகள் கொண்ட அந்த நெறிமுறையில் இது அடிப்படையான முதல் நிலையைச் சேர்ந்தது. அதாவது, பட்டியலைப் பட்டியலாகக் குறிப்பது சலுகையல்ல, குறைந்தபட்சக் கடமை.

உச்ச நீதிமன்றமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பில், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று கூறி, 2017 விதிகளின் 15(1)-ஆவது விதியைச் செல்லாது என அறிவித்தது. கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த பகுதி என்று அறிவித்து, வாடிக்கையாளர் சரிபார்ப்பு நடைமுறைகளை அனைவருக்கும் ஏற்றதாக்க 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

நீதிமன்றத்தின் உயரிய சொற்களுக்கும் ஒரு பக்கத்தின் அடியில் இடப்படும் 'எல்.ஐ.' குறிக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியவர்கள், இணையதளத்துக்கு ஒப்பந்தம் கோரும் அதிகாரி, அதை வடிவமைக்கும் நிறுவனம், நாள்தோறும் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்யும் பணியாளர் ஆகிய மூவர். இந்த மூவரில் எவருக்கும் இது தம் பொறுப்பு என்று சொல்லப்படுவதில்லை. சட்டத்தின் 89-ஆவது பிரிவின்படி முதல் மீறலுக்கான அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பெரிய நிறுவனங்களை அசைக்கும் தொகை அல்ல அது.

சிட்னியிலிருந்து ஒரு முன்னுதாரணம்:

செலவும் காலமும் அதிகமாகும் என்பதே எப்போதும் முன்வைக்கப்படும் மறுப்பு. அதற்கான விடை கால் நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் இணையதளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மாகுவையர் என்ற பார்வையற்றவர் 1999-இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். அவருடைய கோரிக்கைகள் மூன்று: படங்களுக்கு மாற்று எழுத்துரை வேண்டும், நிகழ்ச்சி நிரல் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்ல வழி வேண்டும், முடிவுகளின் அட்டவணைகளைப் படிக்க இயல வேண்டும்.

மாற்றங்களைச் செய்யப் பெருஞ்செலவும் ஓராண்டு உழைப்பும் தேவைப்படும் என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. வல்லுநர்களின் சாட்சியத்தைக் கேட்ட ஆணையம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்டில் அது பாகுபாடு என்றே தீர்ப்பளித்தது; பின்னர் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. கட்டி முடித்த பிறகு திருத்துவதால்தான் செலவு கூடுகிறது. தொடக்கத்திலேயே சரியாகக் கட்டுவதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. பட்டியலைப் பொறுத்தவரை அது முற்றிலும் இல்லை என்றே சொல்லலாம். சிறுகோட்டைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, பதிப்பிப்பு மென்பொருளில் உள்ள பட்டியல் பொத்தானை அழுத்தினால் போதும்.

ஆயினும், உலகம் இன்னும் பாடம் கற்கவில்லை. பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் ஆராயும் 'வெப்எய்ம்' அமைப்பின் 2025 அறிக்கையின்படி, 94.8% பக்கங்களில் நெறிமுறை மீறல்கள் கண்டறியப்பட்டன. ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 51 பிழைகள். இவை கருவிகளால் தானாகக் கண்டறியக்கூடிய பிழைகள் மட்டுமே. சிறுகோடுகளால் ஆன போலிப் பட்டியலைச் சோதனைக் கருவி பெரும்பாலும் பிழை என்று கருதாது. அதற்கு அது வெறும் பத்தி. எனவே, கருவியின் சான்றிதழ் பெற்ற பக்கமும் காதுக்கு எட்டாததாக இருக்கக்கூடும்.

குறுக்குவழிகள் உதவுமா?

பக்கத்தின் ஓரத்தில் ஒரு பொத்தானை ஒட்டிவிட்டால் இணையதளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கப்படும் மென்பொருள்கள் பெருகிவருகின்றன. எழுத்தைப் பெரிதாக்குவதும் நிறத்தை மாற்றுவதும் குறைபார்வை உள்ளவர்களுக்குப் பயன்படலாம். இல்லாத கட்டமைப்பை அவை உருவாக்கிவிடாது. எந்த இணையதளத்தையும் நெறிமுறைக்கு உட்பட்டதாக்கிவிடும் எனப் பொய்யாக விளம்பரம் செய்ததற்காக, இத்தகைய நிறுவனம் ஒன்று 10 லட்சம் டாலர் செலுத்த நேரிடும் நடவடிக்கையை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025-இல் எடுத்தது.

செயற்கை நுண்ணறிவு படத்தையும் படித்துச் சொல்கிறதே, இனி குறிகள் எதற்கு என்று கேட்போரும் உண்டு. அது பேருதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், தேர்வுப் பதிவெண்களின் பட்டியலில் ஓர் இலக்கம் தவறினால் அது வேறொருவரின் எண். மருந்து அளவுகளின் பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் அதன் விளைவு உடலில் தெரியும். எழுதியவருக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை, படிப்பவரின் கருவி ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.

பயனடைவோர் சிலர்தானே என்ற எண்ணமும் சரியல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேல். முதுமையில் பார்வை மங்குவோர், எழுத்தறிவு குறைந்து குரல்வழி கேட்போர் எனப் பயனாளிகள் இன்னும் விரிகிறார்கள். முறையாகக் குறியிட்ட பட்டியல், தேடுபொறிக்கும் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கும்கூடத் தெளிவாகப் புரிகிறது.

செய்ய வேண்டியவை:

முதலில், ரதூரி தீர்ப்பு கோரிய கட்டாயத் தரநிலைகள் தகவல் தொழில்நுட்பத் துறையிலும் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். இரண்டாவதாக, இணையதளங்களுக்கான ஒவ்வோர் அரசு ஒப்பந்தத்திலும் அணுகல் தரநிலை நிபந்தனையாக இடம்பெற்று, அது நிறைவேறிய பின்னரே இறுதித் தவணை வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, அறிவிப்புகளைப் பதிவேற்றும் பணியாளர்களுக்குத் தலைப்பு, பட்டியல், அட்டவணை, பட விளக்கம் ஆகிய நான்கையும் முறையாக இடுவதற்கு ஒருநாள் பயிற்சியாவது அளிக்க வேண்டும். இணையதளத்தை வல்லுநர் எவ்வளவு சிறப்பாக வடிவமைத்தாலும், மறுநாள் அதில் ஏற்றப்படும் ஒளிவருடிய தாள் அந்த உழைப்பை வீணாக்கிவிடும்.

நான்காவதாக, கையொப்பமிட்ட படிவம் தேவையென்றால் அதையும் வெளியிடலாம். ஆனால், அதன் உள்ளடக்கம் ஒருங்குறி எழுத்தாகவும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்தாவதாக, திரை வாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளிகளையே ஊதியத்துடன் சோதனையாளர்களாக அமர்த்த வேண்டும். கருவி கண்டறியாத போலிப் பட்டியலை அவர்களது காது ஒரு நொடியில் கண்டறிந்துவிடும்.

இந்தக் கடமையிலிருந்து ஊடகங்களும் விலகி நிற்க முடியாது. தேர்வு முடிவுகளையும், வேட்பாளர் பட்டியலையும், வெள்ளக் காலத்தில் உதவி எண்களையும் படமாக்கி வெளியிடும் பழக்கம் நாளிதழ்களின் இணையதளங்களிலும் உண்டு. பிறரிடம் கேட்பதை முதலில் நம் பக்கங்களில் செய்து காட்ட வேண்டும்.

பார்வை மாற்றுத்திறனாளிகள் கேட்பது தனிப் பக்கமோ தனிச் சலுகையோ அல்ல. எல்லாருக்கும் வெளியிடப்படும் பட்டியலில் எத்தனை உருப்படிகள் உள்ளன, தம் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்பதை இன்னொருவரைக் கேட்காமல் தாமே அறிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான். தட்டச்சு செய்பவர் ஒரு பொத்தானை அழுத்துவதில் அந்த வாய்ப்பு தொடங்குகிறது. அந்தப் பொத்தானை அழுத்துவது விருப்பமல்ல, கடமை என்று அவரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருக்கிறது.